ஈஸ்ட் நல்லதுதான், அதுக்காக குளத்துல கொட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல விவசாயப் பக்கத்துல மீனுக்கு ஈஸ்ட் குடுக்கறதைப் பத்தி அரைப்பக்கம் வந்திருந்துச்சு. வந்த அன்னிக்கே எங்க ஊர்ல மூணு பேர் எனக்கு போன் பண்ணிட்டாங்க, எந்தக் கடைல கிடைக்கும், ஏக்கருக்கு எவ்வளவு கொட்டணும்னு. கொட்டணும்ங்கற வார்த்தையக் கேட்டதும் எனக்கு பக்குனு ஆயிருச்சு, அதான் இந்த லெட்டர்.

நமக்கு பட்டுக்கோட்டை பக்கம், புது ஆத்துப் பாசனம், கடைமடை. 2018 நவம்பர்ல கஜா வந்து தென்னை எல்லாம் படுத்ததுக்கு அப்புறம் அந்த எடத்துல 60 சென்ட்ல குளம் வெட்டி கட்லா, ரோகு, மிர்கால்னு கெண்டை மீனுங்கள விட்டு வளர்க்கறேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும்தான் தீவனம், சாக்குல ஓட்டை போட்டு மூங்கில்ல கட்டித் தொங்க விட்டுருவேன், மீன் வந்து முட்டி முட்டித் தின்னுக்கும். செலவுல பாதிக்கு மேல தீவனத்துக்கே போயிருது, அதனால எவன் எதைச் சொன்னாலும் காது அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்யும்.

மூணு வருஷம் முன்னாடி அப்படித்தான் எனக்கும் திரும்புச்சு. இறால் குட்டைக்காரங்க தவிடு, வெல்லம், ஈஸ்ட் மூணையும் புளிக்க வெச்சு ஜூஸ்னு ஒண்ணு ஊத்துவாங்க, அதைக் கேட்டுட்டு வந்து நானும் 200 லிட்டர் டிரம்ல 20 கிலோ தவிடு, 4 கிலோ வெல்லம், பேக்கரிக்குப் போடற ஈஸ்ட் கால் கிலோ போட்டு கரைச்சு வெச்சேன். மறுநாள் சாயந்தரம் பார்த்தா மேல ரெண்டு விரக்கடை நுரை, மூடி தானா தூக்கிக்கிட்டு நிக்குது, வாடைனா வாடை, ரோட்டுல போன ஒருத்தன் வண்டிய நிறுத்தி ‘என்ன மாமா, சரக்கு காய்ச்சுறீங்களா’ன்னுட்டுப் போனான். என் சம்சாரம் வந்து பார்த்துட்டு, தோசை மாவு பொங்கின மாதிரி இருக்கு, இதைப் போய் மீனு குடிக்குமான்னா. குடிக்கும்னு சொல்லிட்டு மொத்த டிரம்மையும் குளத்துல கவுத்தேன். ஐப்பசி மாசம், அன்னிக்குப் பூராவும் மூட்டம், வெயிலே இல்ல.

விடிகாலை அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தா குளம் பூரா வாய். ஒவ்வொண்ணும் தண்ணிக்கு மேல வந்து வாயைத் தொறக்குது மூடுது, தொறக்குது மூடுது, காலடிச் சத்தத்துக்குக் கூட உள்ள போகல. போர் மோட்டரைப் போட்டு ஹோஸ் பைப்பைப் பிடிச்சு தண்ணியப் பீய்ச்சி அடிச்சோம், ஏழரை மணி வரைக்கும். 43 கட்லா செத்து மிதந்துச்சு, ஒவ்வொண்ணும் முக்கால் கிலோவுக்குக் குறையாது.

இதுல ஈஸ்ட் மேல தப்பு இல்லீங்க, என் மேலதான். இறால் குட்டைல ஏரேட்டர், அதாவது தண்ணிய அடிச்சு காத்தைக் கலக்கற மெஷின், ராவும் பகலுமா சுத்துது. அந்த ஜூஸைத் தின்னு பெருகற கிருமியும் நுண்ணுயிரும் காத்தை இழுத்தாலும் ஏரேட்டர் அடிச்சுக் குடுத்துரும். நம்ம குளத்துல என்ன இருக்கு? தண்ணி பச்சையா இருந்தா பகல்ல அந்தப் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரில அதுவும் சேர்ந்து இழுக்கும், விடியறதுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்பக் கீழ இருக்கும். வெயில் இல்லாத நாள்னா அந்த வரவும் கம்மி. அன்னிக்குப் போய் ஒரு டிரம் தவிட்டுத் தண்ணிய ஊத்தினா என்ன ஆகும்.

உங்க கட்டுரைல எந்த ஈஸ்ட்னு ஒரு வரி இல்ல, அதுதான் பெரிய குறை. பேக்கரில போடறது உயிரோட இருக்கற ஈஸ்ட். பீர் கம்பெனில மிச்சமாகி காயவெச்சு பொடியா வர்றது செத்த ஈஸ்ட். ஜாதி ஒண்ணுதான், சக்காரோமைசிஸ் செரிவிசியே, ஆனா வேலை வேற. பீர் ஈஸ்ட் பொடில புரதம் சுமாரா 45 சதவீதம், நம்ம கடலைப் புண்ணாக்குலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்ப புரதத்துக்காக ஈஸ்ட் வாங்கறது காசுக்குப் பிடிச்ச கேடு. புண்ணாக்குல குறையற லைசின்ங்கற புரதச் சத்து ஈஸ்ட்ல நிறைய இருக்கு, அது ஒரு லாபம், மெத்தியோனின்ங்கற இன்னொரு சத்து ரெண்டுலயும் கம்மி. உண்மைல நாம காசு குடுக்கறது அதோட தோலுக்கு. அந்தச் செல் சுவர்ல பீட்டா குளுக்கான், மன்னான்னு ரெண்டு இருக்கு, முன்னது மீனோட எதிர்ப்பு சக்திய உசுப்பி விடும், பின்னது கெட்ட கிருமி குடல்ல ஒட்டாம பிடிச்சு இழுத்துட்டுப் போயிரும். இதுக்கு ஈஸ்ட் உயிரோட இருக்கணும்னு அவசியமே இல்ல.

இன்னொண்ணு, மிதவைத் தீவனம் செய்யற மெஷின்ல சூடு 100 டிகிரியத் தாண்டும், ஈஸ்ட் 60 டிகிரிக்குள்ளயே செத்துப்போற சாமான். அப்புறம் மூட்டை மேல ‘உயிருள்ள ஈஸ்ட் கலந்தது’ன்னு அச்சடிச்சா, சூடு ஆறினதுக்கு அப்புறம் தெளிச்சாங்களா, இல்ல முன்னாடியே மாவோட பிசைஞ்சாங்களான்னு கேக்கணுமா இல்லையா? கடைக்காரர்கிட்ட கேட்டா சிரிக்கிறார். எங்க பக்கத்துல ஒரு கடைல ஈஸ்ட் பாக்கெட்ட மீன் பேனுக்கு மருந்துன்னே விக்கிறாங்க. மீன் பேன் இறால், நண்டு வகைல சேர்ந்த பூச்சிங்க, மேல ஒட்டி ரத்தம் குடிக்கறது, அது எப்படி தீவனத்துல கலந்த ஈஸ்டுக்கு விழும்!

இப்ப நான் செய்யறது சொல்றேன். காஞ்ச பொடி, கிலோ தீவனத்துக்கு 5 கிராம், அதுக்கு மேல இல்ல. கொஞ்சம் சோத்துக் கஞ்சி விட்டு தவிடு புண்ணாக்கோட பிசைஞ்சு உருண்டை பிடிச்சு தட்டுல வெச்சு இறக்கறேன், காலைல ஒரு வேளை மட்டும், மார்கழி தைல புண் நோய் வர்ற சீசன்லயும் வலை இழுத்த பத்து நாளுக்கும்தான். வலை இழுத்தா மீன் பயந்து செதில் உதிர்ந்து அந்த எடத்துல சிவந்து போகும், அது இப்ப குறைஞ்சிருக்கு. அதே சமயம் நான் குளத்துக்கு சுண்ணாம்பும் ஒழுங்கா போட ஆரம்பிச்சேன், அதனால மொத்தப் பேரையும் ஈஸ்டுக்கே குடுக்க மனசு வரல.

நாகப்பட்டினத்துல மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கு, 2012ல இருந்து. அங்கருந்து ஒருத்தர எழுதச் சொல்லி, கெண்டைக்கு எவ்வளவு, இறாலுக்கு எவ்வளவு, ஏரேட்டர் இல்லாத குளத்துக்காரன் எதைச் செய்யவே கூடாதுன்னு அதே பக்கத்துல போடுங்க. மூட்டம் போட்ட நாள்ல எதையும் கரைச்சு ஊத்தாதேங்கறத மட்டும் பெரிய எழுத்துல போடுங்க, ஐப்பசி வரப்போகுது.

அப்புறம் அந்தக் கட்டுரைக்குப் போட்ட படத்துல கட்லான்னு எழுதியிருந்தீங்க. அது வெள்ளிக் கெண்டைங்க.

இப்படிக்கு,
ஒரு மீன் வளர்ப்பவர்,
பட்டுக்கோட்டை வட்டம்