‘யெஸ்’ சொல்லி மாட்டிக்கொள்ளும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் புதுச்சேரியிலும் கடலூரிலும் ‘30 நாளில் சரளமான ஆங்கிலம்’ என்று சுவருக்குச் சுவர் போஸ்டர். இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் டென்ஸ் அட்டவணையை உருப்போட வைக்கிறார்கள். மறுப்பாக வரும் கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்குவது அரிது. வேலைக்குப் போன முதல் வாரமே பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஒயிட் டவுன் விடுதி வரவேற்பறையில் ஒரு வெளிநாட்டுப் பயணி, ‘டோன்ட் யூ ஹாவ் எனி ரூம்ஸ்?’ என்கிறார். ரூம் இல்லை. தமிழில் ‘ரூம் இல்லையா?’ என்று கேட்டால் ‘ஆமாங்க, இல்லை’ என்போம். அதே பழக்கத்தில் ‘யெஸ்’ என்றால், ரூம் இருக்கிறது என்று அவர் பெட்டியை இறக்கி வைத்துவிடுவார். நம்முடைய ‘ஆமாம்’ கேட்டவரை ஆமோதிக்கிறது. ஆங்கில யெஸ்ஸுக்கு நடப்பு நிலவரம் மட்டுமே கணக்கு: இருந்தால் ‘யெஸ், வீ டூ’, இல்லாவிட்டால் ‘நோ, வீ டோன்ட்’. கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்து வந்தாலும் இதுதான். பிரெஞ்சில் மறுப்புக் கேள்விக்கு ‘இல்லையே, இருக்கிறதே’ என்று சொல்ல ‘சி’ என்று தனிச் சொல்லே உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால், ஒற்றை யெஸ், நோவோடு நிறுத்தாமல் ‘வீ டூ’, ‘வீ டோன்ட்’ வரை சொல்லி முடிப்பதே பத்திரம்.

‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ இன்னும் பொல்லாதது. காத்திருப்பதில் ஆட்சேபணை உண்டா என்பதே கேள்வி. மரியாதையாக ‘யெஸ் சார்’ என்றால், ‘முடியாது’ என்று முகத்திலடித்தது போலாகும். ‘நாட் அட் ஆல்’ என்று சொல்லலாம். பேச்சு வழக்கில் ‘ஷ்யூர்’ என்றாலும் சம்மதம்தான்.

அடுத்தது ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’. இண்டர்வியூவில் அடிக்கடி காதில் விழுவது. ‘மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் ‘ஹாவ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். கால அளவைச் சொன்னால் ஃபார் (ஃபார் த்ரீ இயர்ஸ்), தொடங்கிய நேரத்தைச் சொன்னால் சின்ஸ் (சின்ஸ் 2022). பிரெஞ்சிலோ நிகழ்கால வினையோடு ‘தெப்புயி’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடும். மார்க்குக்காக பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை இரண்டு மொழியிலிருந்தும் வந்து சேர்கிறது!

பை, டில் குழப்பத்துக்குத் தமிழே கைகொடுக்கும். ‘வெள்ளிக்கிழமைக்குள் கொடு’ என்றால் பை. ‘வெள்ளிக்கிழமை வரை இரு’ என்றால் டில்.

வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். தினமும் பத்து நிமிடம் மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் ‘டிட்ன்ட் யூ ஈட்?’, ‘இஸ்ன்ட் இட் ஓப்பன்?’ என்று மறுப்பாக மட்டுமே கேட்கட்டும். மற்றவர் ‘நோ, ஐ டிட்ன்ட்’ என்பது போல வினையோடு முடிக்கட்டும். ‘நோ’ சொல்லும்போது தலை மேலும் கீழும் ஆடினால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். வாய் தயங்காமல் வந்த பிறகு, ‘யூ ஆர் நாட் கமிங், ஆர் யூ?’ போல வால் ஒட்டிய கேள்விகளுக்குப் போகலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.