எட்டாவது மாத்திரையில் ஒரு முணுமுணுப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன் இரண்டு கடிதங்களுக்கும் எட்டு மாதங்களாகப் பதில் எழுதாதது என் தவறுதான், மன்னித்துவிடு. மொட்டை மாடி அறையின் சன்னலுக்கு மெத்தையைச் சாத்திவிட்டு, நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒரே ஒரு தாளத்தோடு போராடிக்கொண்டிருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அது முதன்முறையாகக் கைக்குப் பிடிபட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவின் ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பாட்டின் தாளம்தான் அது. 1969 நவம்பரில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பதிவானது. டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். பாட்டின் பிற்பகுதியில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனியாக வருமே, நம் கச்சேரிக் குழுவில் டிரம்ஸ் வாசித்த அண்ணன் கேசட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக் காட்டிய அதே துண்டுதான். அன்று நீ, “நாலு எண்ணிக்கைதானே, இதற்கா இவ்வளவு கூத்து?” என்று கேட்டாய். இத்தனை ஆண்டுகள் கழித்து அதற்குப் பதில் சொல்கிறேன், கேள்.

நாலு எண்ணிக்கையைத் தகதிமி தகதிமி என்று 16 மாத்திரைகளாகப் பிரித்துக்கொள். வலது கை, ஹை-ஹேட் என்னும் ஜோடித் தாளத்தட்டில் அவற்றை விடாமல் வாசிக்கிறது. ஸ்நேர் என்னும் நடு டிரம்மில் 5-ஆவது மாத்திரையிலும் 13-ஆவது மாத்திரையிலும் பலத்த அடி விழுகிறது. கேட்பவர்கள் கைதட்டும் இடங்கள் அவைதாம். ஆனால் தாளத்தின் உயிர் 8, 10, 16 முதலிய மாத்திரைகளில், இடது கை தோலை வருடுவது போல் போடும் மெல்லிய தட்டல்களில் இருக்கிறது. கோஸ்ட் நோட் என்பார்கள். அவை இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. எடுத்துவிட்டாலோ உப்பில்லாத குழம்பு போலாகிவிடும்.

வலது காலின் வேகம் போதவில்லை என்று நம்பி, ஐந்து மாதங்கள் பெடலையே பழக்கினேன். பிறகு ஒரு நாள் கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது மனம் விட்டுப்போயிற்று. காலில் ஒரு குறையும் இல்லை. பலத்த அடியும் மெல்லிய தட்டலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலித்தன; கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுவது போல் இருந்தது.

டவர் ஆஃப் பவர் என்ற அமெரிக்க இசைக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் டேவிட் கரிபால்டி இதற்கு ஒரு வழி கற்றுத் தருகிறார். ஒலிக்கு இரண்டே நிலைகள்: பலத்த அடிக்கு ஸ்டிக் நன்றாக உயர்ந்து இறங்க வேண்டும், மற்றவை எல்லாம் தோலை ஒட்டியே பிறக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பலத்த அடி விழுந்த மறுகணமே ஸ்டிக்கின் துள்ளலை அடக்கித் தாழ்த்திப் பிடிக்காவிட்டால், அடுத்த தட்டல் தானாகவே கனத்துவிடுகிறது. தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 எண்ணிக்கையில் வைத்து, வாரத்துக்கு நான்கு என்று ஏற்றி, பாட்டின் வேகமான ஏறத்தாழ 100-க்கு வந்து சேர மூன்று மாதங்கள் பிடித்தன. 50-இல் வாசிப்பதுதான் மிகக் கடினம் என்பதை, மெதுவான விளம்ப காலப் பல்லவிக்கு மிருதங்கம் வாசிக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நான் பழகுவது, 1967-இல் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த ‘கோல்ட் ஸ்வெட்’. அதில் 13-ஆவது மாத்திரையில் விழ வேண்டிய அடி 15-க்குத் தள்ளிப்போகிறது. தாளத்தின் முதல் அடியிலிருந்து தள்ளி எடுக்கும் கீர்த்தனைக்கு முதன்முதலில் வாசித்தபோது உனக்குச் சமம் நழுவியதே, எனக்கு இப்போது அதே நிலைமை.

ஒன்று மட்டும் என் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. ‘ஃபங்கி டிரம்மர்’ தாளத்தை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பயன்படுத்தினார்கள்; 1989-இல் வந்த, பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் ‘ஃபைட் த பவர்’ அவற்றில் ஒன்று. பாட்டை இயற்றியவராகப் பதிவாகியிருப்பவர் ஜேம்ஸ் பிரவுன் என்பதால், அந்தத் தாளத்தைத் தன் கையால் உருவாக்கியவருக்கு அதற்கான உரிமைத்தொகை கிடைக்கவில்லை. சிறுநீரக நோயோடு அமெரிக்காவின் மேடிசன் நகரில் வாழ்ந்த ஸ்டபிள்ஃபீல்ட், 2017 பிப்ரவரியில் தம் 73-ஆவது வயதில் காலமானார். இதைப் படித்த இரவில் எனக்கு நம் அண்ணனின் நினைவு வந்தது. கச்சேரி முடிந்து பணம் பிரிக்கும்போது பாடகருக்கும் கீபோர்டுக்கும் போக மீந்ததைத்தானே அவர் கையில் கொடுத்தோம்? ஒரு நாளும் அவர் எண்ணிப் பார்த்ததில்லை, நாமும் வெட்கப்பட்டதில்லை. அவருடைய இப்போதைய எண் உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு. நான் போய்ப் பார்க்க வேண்டும்.

என் பதிவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதல் இரண்டு நிமிடங்கள் சரியாக இருக்கின்றன. மூன்றாவதில் இடது மணிக்கட்டு இறுகி, தட்டல்கள் மறுபடியும் கனக்கின்றன. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் கையை அழுத்தி வழுக்கிக் கும்கி போடும்போது கையைத் தளர்வாக வைத்துக்கொள்ள உன் குரு உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்? அதை மட்டுமாவது விரிவாக எழுது.

உன் பழைய பங்காளி