தியாரோய் சொல்தாக்களின் சம்பள பாக்கி

பிரெஞ்சு பாதுகாப்பு அமைச்சகத்துக்கு,

வணக்கம். நான் புதுச்சேரிக்காரன். உங்கள் படையில் இருந்தவர்களை இங்கே 'சொல்தா' என்போம். மாதம் பிறந்தால் பிரெஞ்சு பென்ஷன் வந்துவிடும் என்று அந்த வீடுகளுக்கு ஊரில் தனி மரியாதை. அதே படையில் இருந்த ஆப்பிரிக்கச் சொல்தாக்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் பாக்கியைப் பற்றித்தான் இந்த மடல்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஆகஸ்டில் தென்பிரான்சில் இறங்கிச் சண்டை போட்டபடி வடக்கே வந்தவர்கள் அவர்கள். வோஸ்ஜ் மலைப்பக்கம் குளிர் தொடங்கியதும், 15,000 முதல் 20,000 பேர்வரை படையிலிருந்து விலக்கப்பட்டார்கள். அந்த இடங்களில் வெள்ளைக்கார இளைஞர்கள் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் ராணுவமே இதற்கு வைத்த பெயர் 'வெளுப்பது'. ஆப்பிரிக்கர்களுக்குக் குளிர் ஆகாது என்று காரணம் சொன்னீர்கள். சரி, ஆகாதுதான். அப்புறம் எதற்கு அந்தக் குளிரில் அவர்களில் பலருடைய ஓவர்கோட்டையும் தலைக்கவசத்தையும் கழற்றி வாங்கிப் புதிதாக வந்தவர்களுக்கு மாட்டிவிட்டீர்கள்?

1940-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, நான்கு வருடம் முகாம்களில் கிடந்தவர்கள் கதை இதைவிட மோசம். ஆயிரத்துக்கும் அதிகமானோரை 1944 நவம்பரில் பிரான்சின் மோர்லே துறைமுகத்தில் கப்பலேற்றி, அப்போது உங்கள் காலனியாக இருந்த செனகலில் டாக்கருக்குப் பக்கத்தில் தியாரோய் முகாமில் கொண்டுபோய் வைத்தீர்கள். சிறையிருந்த காலத்துச் சம்பளத்தில் கால்வாசி பிரான்சில், மீதி ஊர் போய்ச் சேர்ந்ததும் என்பது பேச்சு. அந்த மீதி வரவில்லை. சுமார் ஐந்நூறு பேரை பமாக்கோ (இன்றைய மாலியின் தலைநகர்) ரயிலில் ஏறச் சொன்னபோது, பணம் தராமல் ஏறமாட்டோம் என்றார்கள். டிசம்பர் 1 விடிகாலையில் டாங்கியும் கவச வண்டிகளுமாக வந்து சுட்டது உங்கள் ராணுவம்.

செத்தவர்கள் 35 என்று எழுதிவைத்தீர்கள். 2014-ல் டாக்கர் வந்த உங்கள் அதிபர் ஒல்லாந்த் 70-க்கும் மேல் இருக்கலாம் என்றார். வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் 300, 400 என்கிறார்கள். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த நிர்வாகத்துக்குத் தன் சிப்பாய்களை எண்ணத் தெரியாமலா போய்விட்டது? உயிர் பிழைத்தவர்களில் 34 பேருக்குச் சிறைத்தண்டனை வேறு. பிறகு பொதுமன்னிப்பில் விட்டீர்கள், குற்றமற்றவர்கள் என்று சொல்லி அல்ல.

2024 ஜூலையில் ஆறு பேரை 'பிரான்சுக்காக உயிர்நீத்தோர்' என்று அறிவித்தீர்கள். பிரான்சின் குண்டுக்கே பலியானவர்களுக்கு அந்தப் பட்டம்! நவம்பரில் அதிபர் மக்ரோன், நடந்தது படுகொலைதான் என்று செனகல் அதிபருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு எண்பது வருடம்.

கப்பலேறியவர்களின் பெயர்ப்பட்டியலையும் அவரவர்க்குச் சேர வேண்டிய சம்பளக் கணக்கையும் வெளியிடுங்கள். புதைத்த இடத்தைச் சொல்லுங்கள். அந்த 34 பேரின் தண்டனையை ரத்து செய்யுங்கள். பாக்கியை வட்டியோடு வாரிசுகளிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புதுச்சேரிவாசி