ஐந்தாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போ

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பியதை முழுக்கப் படித்துவிட்டேன். ஏழாவது அத்தியாயத்துக்கு மேல் நாவல் நகரவே மாட்டேன் என்கிறது, எனக்கு எழுத வராதோ என்று கேட்டிருந்தாய். வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொடங்கும்போது இருந்த வேகம் தீர்ந்து, முடிவும் இன்னும் கண்ணில் படாத இடத்தில் நிற்கிறாய், நாவல் எழுதுகிற பலரும் திணறுகிற இடம்தான் அது.

ஆனால் கோளாறு ஏழாவதில் இல்லை என்று நினைக்கிறேன். ஐந்தாவதில் அக்கா தம்பிக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாள் இல்லையா, ஏன் படிக்கிறாள்? அதுவரை அடுத்தவர் பொருளைத் தொடாதவளாகத்தான் அவளைக் காட்டியிருக்கிறாய். ரகசியம் வெளியே வரவேண்டும் என்பதற்காக நீ அவளைப் படிக்க வைத்துவிட்டாய். அங்கிருந்து அவள் உன் சொல்படி நடக்கிற ஆளாகிவிட்டாள், தனக்கென்று எதுவும் வேண்டாதவளை வைத்துக்கொண்டு அடுத்த காட்சி எப்படி வரும்? அவளுக்கு என்ன வேண்டும், எதை இழக்கப் பயப்படுகிறாள் என்று யோசி. அது கதையில் வராவிட்டாலும் பரவாயில்லை, உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று நீ சொன்னதும் சரிதான், பெயர்களை மறைத்துவிட்டால் யார் பேசுவது என்றே தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு எல்லோருமே நேராகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். மனிதர்கள் அப்படியா பேசுகிறோம்? ஒருவர் பேச்சை மாற்றுவார், ஒருவர் திருப்பிக் கேட்பார், ஒருவர் வாயே திறக்கமாட்டார்.

அப்புறம் அத்தை விஷயம். அவளை வைத்து ஒரு பாத்திரம் எழுத, பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்கிறாய், போதாது. அவளுக்கு மட்டுமே நடந்த ஒன்றை அப்படியே எழுதினால், முதல் பக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், மனசு நொந்துபோவாள். அவள் சுபாவத்தை எடுத்துக்கொள், நடந்ததை விட்டுவிடு.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே 1958இல் பாரிஸ் ரிவ்யூ பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறார். நீயோ தீர்ந்துபோகும் வரை எழுதிவிட்டு, மறுநாள் வெறும் தாளோடு உட்காருகிறாய், இதைச் செய்துதான் பாரேன். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகவும் அதே பேட்டியில் சொல்கிறார், அதனால் முதல் வரைவைப் பார்த்துக் கலங்காதே.

எட்டாவதை இப்போது தொடவேண்டாம். ஐந்தாவதைத் திருத்தியதும் அனுப்பு, எத்தனை முறை அனுப்பினாலும் படிக்கிறேன்.

அப்பா