புழுவெட்டில் புழு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தலையில் வட்டவட்டமாக முடி கொட்டுவதாக எழுதியிருந்த வாசகிக்குச் சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், "இது புழுவெட்டு. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்து வந்தால் புழு செத்து முடி முளைக்கும்" என்று பதில் வந்திருந்தது. வெங்காயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். "புழு செத்து" என்ற இரண்டு சொற்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு இது வந்தது. சடை பின்னும்போது பின்னந்தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுவழுவென்று இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். இரண்டே மாதத்தில் மூன்று இடங்களில் ஆகிவிட்டது. "அவ தலையில புழு இருக்காம்" என்று வகுப்பில் பேச்சுக் கிளம்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை அவளுடைய அம்மா வந்து வேறு பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். வீட்டிலும் என் மாமியார் சீப்பையும் தலையணையையும் தனியாக எடுத்து வைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெயரே அப்படி இருக்கிறது. ஒருநாள் நடுராத்திரி விழித்துப் பார்த்தால், பிள்ளை விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு கண்ணாடிகளை வைத்துத் தன் தலையில் புழுவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மருத்துவர்கள் இதை அலோபீசியா ஏரியேட்டா என்கிறார்கள். புழுவோ பூச்சியோ கிருமியோ இதற்குக் காரணமில்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரை எதிரி என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. வேர் செத்துப்போவதில்லை, முளைப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் பல வருடம் கழித்தும் முடி திரும்ப வர வழியிருக்கிறது. தொட்டால் ஒட்டாது, சீப்பிலும் ஒட்டாது. குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரை வேறு. அது பூஞ்சையால் வருவது, ஒட்டக்கூடியது, அந்த இடத்தில் தோல் செதில் செதிலாக உரியும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் ஊரில் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். தோல் மருத்துவர் பார்த்தால் பிரித்துச் சொல்லிவிடுவார்.

எந்த அணுக்கள் வேரைத் தாக்குகின்றன, அவற்றை ஏவிவிடும் சமிக்ஞை எது என்பதை 2014-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலா கிறிஸ்டியானோவும் ராபயேல் கிளைன்ஸும் தங்கள் குழுவோடு கண்டுபிடித்தார்கள். கிறிஸ்டியானோவுக்கே இந்த நோய் உண்டு என்று படித்தபோது என் மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். 'ஜேக்' என்ற நொதியின் வழியாகத்தான் அந்தச் சமிக்ஞை போகிறது. அதை அடக்கும் மருந்தைக் கொடுத்ததும் எலிகளுக்கு முடி முளைத்தது, அதே ஆய்வில் மூன்று நோயாளிகளுக்கும் முளைத்தது. அதே வருடம் யேல் பல்கலைக்கழகத்தில், உடம்பு முழுக்க முடியிழந்திருந்த 25 வயது இளைஞர் ஒருவருக்கு, முடக்குவாதத்துக்குத் தரும், இதே நொதியை அடக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரையால் எட்டு மாதத்தில் தலைமுடி, புருவம், இமை எல்லாம் திரும்பின.

2022 ஜூனில், அதே 'ஜேக்' நொதியை அடக்கும் பாரிசிட்டினிப் மாத்திரையைக் கடுமையான அலோபீசியா ஏரியேட்டாவுக்கு அமெரிக்க அரசு அனுமதித்தது. பாதித் தலையிலோ அதற்கு மேலோ முடியிழந்த 1,200 பேரிடம் நடந்த இரண்டு சோதனைகளில், 4 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோருக்கு 36 வாரத்தில் தலையில் 80 சதவீதமோ அதற்கு மேலோ முடி நிறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் அப்படி ஆனது நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேருக்குத்தான். எல்லோருக்கும் பலிக்காது, நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டும். எதிர்ப்புச் சக்தியையே அடக்குகிற மருந்து என்பதால், காசநோய் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையே இல்லை இது. சின்னச் சின்ன வட்டங்களுக்கு அது தேவையும் இல்லை. என் மகளுக்கு அந்த இடங்களில் ஸ்டீராய்டு ஊசிதான் போட்டார்கள்.

வெங்காயத்தையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. பாட்டி வைத்தியம் என்று நான் ஒதுக்கவில்லை. ஆனால் சின்ன வட்டங்களில் ஒன்றுமே செய்யாமலும் பலருக்கு ஒரு வருடத்துக்குள் முடி வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்தவர்களோடு மொத்தம் 38 பேரே பங்கெடுத்த ஓர் ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது. முடி வந்தவர்களுக்கும் ஏதோ புழு செத்ததால் அது வரவில்லை.

புழுவெட்டு என்ற சொல்லையே விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். அதை அச்சிடும்போதெல்லாம் "இது புழுவால் வருவதல்ல, ஒட்டாது" என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள். சென்ற இதழின் பதிலுக்குத் திருத்தம் வெளியிட்டால் அதே கேள்வி-பதில் பக்கத்திலேயே வெளியிடுங்கள். என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு இடங்களில் முடி நிறைந்துவிட்டது, காதுக்குப் பின்னால் ஓர் இடம் இன்னும் பாக்கி. உங்கள் இதழ் வந்ததும் அவள் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விருதுநகர்.