இயந்திரம் இறங்கும் முன் நடந்து பாருங்கள்

பொதுநிலங்களில் காட்டுத்தீத் தடுப்புப் பணிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். புதர் வெட்டுவதையோ தீத்தடுப்புக் கோடு (தீ பரவாதபடி செடிகொடி அகற்றிய பட்டை) போடுவதையோ நாங்கள் எதிர்க்கவில்லை. தீ தொல்லிடங்களுக்கும் பகைதான். 1996இல் அமெரிக்காவின் மேசா வெர்டே தேசியப் பூங்காவில் பரவிய தீயில், செதுக்கல்கள் இருந்த பாறைமுகம் வெடித்து உதிர்ந்தது. நாங்கள் கேட்பது, ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே தொல்லியல் கள ஆய்வு முடிய வேண்டும் என்பதுதான். புல்டோசர் வந்து நின்றபிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டால், தீத்தடுப்புக் கோட்டின் இடத்தை மாற்ற யாருக்கும் மனம் வராது.

வரைபடத்தைப் புரட்டினால் ஆய்வாகிவிடாது. 15 முதல் 30 மீட்டர் இடைவெளியில் ஆட்கள் வரிசையாக நடக்க வேண்டும். சருகு மூடிய இடங்களில் ஆங்காங்கே கையால் விலக்கி மண்ணைப் பார்க்க வேண்டும். பானை ஓடும் கற்சில்லும் அப்போதுதான் கண்ணில் படும். வண்டி திரும்பும் இடம், கட்டை அடுக்கும் களம், தற்காலிகப் பாதை எல்லாமே ஆய்வுக்குள் வரட்டும்.

தொல்லிடத்தைச் சுற்றி நாடா கட்டி அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்து. சுற்றிலும் வெட்டிவிட்டு நடுவில் மட்டும் புதரை விட்டால், நாளை தீ வரும்போது அந்தத் திட்டுதான் கடுஞ்சூட்டில் எரியும். அங்கும் வெட்டுங்கள், ஆனால் கையால். மரத்தைத் தரையொட்டி அறுக்கலாம், வேரோடு பிடுங்கக் கூடாது. வெட்டியதை இழுக்காமல் தூக்கிக்கொண்டுபோய் எல்லைக்கு வெளியே குவியுங்கள். புல் தீ சட்டென்று கடந்துவிடும், சில செ.மீ. ஆழத்திலேயே சூடு வெகுவாகக் குறைந்துவிடும். வெட்டிக் குவித்தது எரிந்து மணிக்கணக்கில் கனன்றால் அப்படியல்ல. கற்கருவிகள் தெறித்து உடையும், மட்கலத்தின் வெப்ப ஒளிர்வுக் காலக்கணிப்பு (சூடாக்கும்போது வெளிப்படும் ஒளியை வைத்து வயதைக் கணிப்பது) கெட்டுப்போகும். பட்டுப்போன அடிமரம் இன்னும் மோசம். தீ வேர் வழியே இறங்கி, புதைந்த சுவருக்கடியில் நாள்கணக்கில் புகையும். வேர் சாம்பலான குழிக்குள் மேல்மண் சரிந்து மண்ணடுக்குகள் கலந்துவிடும். இந்தச் சேதம் வெளியே தெரிய ஒரு மழை ஆகும்.

நாடாவில் ‘தொல்லியல்’ என்று எழுதாதீர்கள். புதையல் தேடுவோருக்கு அதுவே வழிகாட்டி. மரநிழலில் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும் என்பதால், விளிம்பிலிருந்து தாராளமாகத் தள்ளியே கட்டுங்கள்.

வெட்டி முடித்ததும் இன்னொரு முறை நடந்து பாருங்கள். புதர் மறைத்திருந்தது அப்போது தெரியும். இடையில் ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தும் விதியை ஒப்பந்தத்தில் சேருங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு யார் பணம் தருவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பானை ஓடு தட்டுப்பட்டாலும் ஓட்டுநர் வாய் திறக்கத் தயங்குவார்.

இப்படிக்கு,
தொல்லியல் கள ஆய்வாளர்கள்