பல்லவன் ஓய்ந்தது

டேய் செல்வா,

சௌக்கியம்தானே? எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

போன மாதம் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப் போகும்போது துவரங்குறிச்சி தாண்டி ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டேன். ராத்திரி இல்லை, காலை பதினொரு மணி. டயர் ஓரக்கல்லில் உரசிய சத்தத்தில் முழித்தால் மீடியனில் இருக்கிற அரளிச்செடி கண்ணாடி மேல் வந்து விழுகிறது. அம்மா பின்சீட்டிலிருந்து "மெதுவாப் போயேன்டா" என்றாள், அவ்வளவுதான். கொடுமை என்னவென்றால், முதல்நாள் ராத்திரி முழுசாக ஏழரை மணி நேரம் படுத்திருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாமல் போய் தூக்கத்துக்கான டெஸ்ட் எடுத்தேன். தலையிலும் நெஞ்சிலும் ஒயர், விரலில் கிளிப், மூக்கில் குழாய், இத்தோடு தூங்கு என்கிறார்கள். ரிப்போர்ட்டில் மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. ஸ்லீப் ஆப்னியாவாம், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற வியாதி; 30 தாண்டினாலே தீவிரம் என்றார் டாக்டர். தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்க, ஆக்சிஜன் இறங்க, மூளை பதறிப்போய் நம்மை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, காலையில் நமக்கு அது ஞாபகமே இருப்பதில்லை. இரண்டு மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர், ராத்திரி மூன்று தடவை பாத்ரூம் (சர்க்கரைதான் என்று பயந்துகொண்டிருந்தேன்), எல்லாவற்றுக்கும் இதுவே காரணமாக இருக்கலாமாம். ஹாஸ்டலில் என் குறட்டையைக் கேட்டு பல்லவன் பல்லவன் என்று சிரித்தீர்களே, நானும்தான் கூடச் சேர்ந்து சிரித்தேன், அந்தச் சத்தம் நடுவில் சட்டென்று நிற்கும்போது ஒருத்தனாவது எட்டிப் பார்த்தீர்களாடா? அப்பாடா என்று புரண்டு படுத்திருப்பீர்கள்.

இப்போது வீட்டில் எல்லோர் தூக்கத்தையும் கணக்குப் பார்க்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. சின்னவள் பிளஸ் டூ. ஒரு மணி வரை முழிப்பு, ஐந்தரைக்கு டியூஷன், சோம்பேறி என்று நான் திட்டுவேன். அந்த வயதில் தூக்கத்தை வரவைக்கிற மெலடோனின் என்கிற ஹார்மோன் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறதாம், சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. ஆனால் தேவை என்னவோ 8 முதல் 10 மணி நேரம். கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் எட்டரைக்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று 2022 முதல் சட்டமே இருக்கிறது. டியூஷனை நிறுத்திவிட்டேன். அதற்கு வீட்டில் நடந்த சண்டையைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

அம்மா மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறாள். வயசானால் தூக்கம் கம்மியாக இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம், அவளுக்கும் 7, 8 மணி நேரம் வேண்டும். ஆழ்ந்த தூக்கம்தான் வயசோடு தேய்ந்துபோகிறது, சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு வந்துவிடுகிறது.

அப்புறம் நீ. "நாலு மணி நேரம் போதும்டா எனக்கு" என்று பீற்றிக்கொள்வாயே, உன் சட்டைக் காலர் 17 இன்ச் தாண்டிவிட்டதா பார், கழுத்து தடித்திருப்பதும் இந்த வியாதிக்கு ஒரு அறிகுறி. குறட்டை நடுவில் நிற்கிறதா என்று வீட்டில் கேள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

காற்றை அழுத்தித் தள்ளுகிற மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாஸ்க்கோடு பார்த்துவிட்டு சுந்தர், போர் விமானி என்கிறான். முதல் நாலு நாள் கழற்றி எறிந்தேன். இப்போது என் அறையில் சத்தமே இல்லை. அம்மாதான், மூன்று மணிக்கு எழுந்தால் குறட்டை கேட்கவில்லையே என்று கதவைத் திறந்து, என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காபி போடப் போகிறாள்.

பல்லவன்